கினபாலு மலை, 2015: கைடு வேண்டாம்னு சொன்னப்புறம் நடந்தது

வெளிநாடு போறவங்களுக்கு அந்த ஊர் வழக்கம் சொல்லிக்குடுங்கன்னு யார்கிட்ட கேட்டாலும் உடனே ஒரு லிஸ்ட் வரும். ஜப்பான்ல விசிட்டிங் கார்ட ரெண்டு கையால வாங்கு, தாய்லாந்துல யார் தலையையும் தொடாத, அரபு நாட்டுல இடது கைய நீட்டாத. எதுவும் தப்பில்ல, ஆனா லிஸ்ட மனப்பாடம் பண்ணிட்டு போற ஆளு அதுல இல்லாத ஒரு விஷயம் எதுக்க வந்து நிக்கறப்ப முழிப்பான். எங்க கம்பெனில இருந்து மலேசியாவுக்கு அடிக்கடி ஆள் அனுப்பறோம், கோலாலம்பூருக்கு நிறைய, சபா பக்கம் கொஞ்சம், கிளம்பறதுக்கு முன்னாடி அவங்கள உக்கார வச்சு பேசற வேலை என் தலைல விழுந்துருக்கு. அதுக்கு நான் எடுக்கற கேஸ் 2015ல கினபாலு மலைல நடந்தது. "மலைல துணிய அவுத்தாங்களாம், அதனால பூகம்பம் வந்துச்சாம்" அப்டின்னு ஒரு ஜோக்காதான் நிறைய பேர் இத கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த சிரிப்புல உண்மையான விஷயம் அடியில போயிடுச்சு, அதனால முதல்ல இருந்தே வரேன்.

மே 30

சபாங்கறது போர்னியோ தீவோட வடக்கு முனைல இருக்கற மலேசிய மாநிலம், தலைநகர் கோத்தா கினபாலு. அங்கருந்து ரெண்டு மணி நேர கார் தூரத்துல கினபாலு மலை, 4,095 மீட்டர். 2000ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல சேந்தது, மலேசியாவுக்கு கிடைச்ச முதல் இடங்கள்ல ஒண்ணு. ஏற்றம் வழக்கமா ரெண்டு நாள். முதல் நாள் டிம்போஹோன் கேட்ல ஆரம்பிச்சு காட்டுக்குள்ள படி படியா ஏறி, 3,200 மீட்டருக்கு மேல இருக்கற விடுதில சாயங்காலமே சாப்ட்டு படுத்துடணும். ராத்திரி ரெண்டு ரெண்டரைக்கு எழுப்பி விடுவாங்க, தலைல டார்ச்ச மாட்டிக்கிட்டு மொட்ட கிரானைட் பாறைல போட்டிருக்கற வெள்ளை கயித்த புடிச்சுக்கிட்டே போனா விடியறப்ப உச்சி. பர்மிட் இல்லாம ஏற முடியாது, லைசன்ஸ் வாங்கின உள்ளூர் கைடு இல்லாமயும் ஏற முடியாது. அந்த கைடுங்கள மலாய்ல மாலிம் குனோங்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் மலையடிவார கிராமங்கள சேந்த டூசுன்ங்கற பூர்வகுடி ஆளுங்க.

2015 மே 30, சனிக்கிழமை காலைல ஏறினவங்கள்ல வெளிநாட்டுக்காரங்க ஒரு பத்து பேர் கூட்டத்த விட்டு தனியா ஒதுங்கி, துணிய கழட்டிட்டு வரிசையா நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. கூட வந்த கைடு வேண்டாம்னு தடுத்திருக்காரு, அவங்க கேக்கல, கேக்காதது மட்டும் இல்லாம அவர திட்டியும் இருக்காங்கன்னு சபா அதிகாரிங்க அப்புறம் சொன்னாங்க. போட்டோ பேஸ்புக்ல ஏறிச்சு, ரெண்டு மூணு நாள்ல சபா முழுக்க சுத்திச்சு.

இதுல எந்த நாள்ங்கறத கவனிங்க. மே 30ம் 31ம் சபாவுல காமாதான், டூசுன் ஆளுங்களும் சேந்த கடசான்டூசுன்ங்கற பூர்வகுடி மக்களோட அறுவடை திருநாள், ரெண்டு நாளும் அரசு விடுமுறை. மே மாசம் பூரா கிராமம் கிராமமா நடந்து கடைசில பெனாம்பாங்ங்கற ஊர்ல பெரிய விழாவா முடியும். உலகத்துல பஞ்சம் வந்தப்ப அவங்க கடவுள் கினோயிங்கான் தன் ஒரே மக ஹூமினோடுனையே குடுத்தாரு, அவ உடம்புல இருந்துதான் நெல் முளைச்சதுன்னு அவங்க கதை. வயல்ல சிதறிப்போன நெல்லோட உயிர திரும்ப வீட்டுக்கு கூப்புடற சடங்க பொபோஹிசான்னு சொல்ற பூசாரி அம்மாக்கள் செய்வாங்க. அப்படி ஒரு நாள்ல, அந்த மக்கள் செத்தப்புறம் போய் சேர்ற இடம்னு நினைக்கற மலை மேல இது நடந்துருக்கு. அந்த பத்து பேருக்கு அன்னிக்கு என்ன நாள்னு தெரிஞ்சிருக்கும்னு நான் நினைக்கல. ஆனா கோத்தா கினபாலுல அந்த வாரம் எந்த ஹோட்டல் வாசல்ல நின்னாலும் கண்ணுல பட்டிருக்கும், ஊரே தோரணம் கட்டி பாரம்பரிய கருப்பு உடுப்புல சுத்திக்கிட்டு இருக்கற நேரம் அது.

மலை யாரோடது

கடசான்டூசுன் ஆளுங்கள்ல இன்னிக்கு நிறைய பேர் கிறிஸ்தவங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போறவங்க. அதுக்காக மலை சும்மா மலையா ஆயிடல. செத்தவங்க ஆவி அங்க தங்குதுன்னு தாத்தா பாட்டி சொன்னது அவங்களுக்குள்ள இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை மோனோலோப்னு ஒரு சடங்கு நடக்கும், ஏழு வெள்ளை கோழி அறுத்து, முட்டை, வெத்தல பாக்கு, புகையில எல்லாம் வச்சு, ஏற வர்றவங்க தெரியாம செய்யற தப்ப பொறுத்துக்கோன்னு மலை கிட்ட கேக்கறது. முன்னாடி எல்லாம் ஒவ்வொரு தடவ ஏறறப்பவும் கோழி அறுத்துட்டுதான் போவாங்க, கூட்டம் ஜாஸ்தியானப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஆக்கிட்டாங்க. 1851ல ஹியூ லோங்கற பிரிட்டிஷ் அதிகாரி முதல்முதலா ஏறினதா எழுதி வச்சிருக்காங்க, உச்சிக்கு அவர் பேர்தான் இருக்கு. உண்மைல அந்த கடைசி உச்சிய அவர் தொடல, அது 1888ல வேற ஒருத்தர். பேர மட்டும் லோவுக்கே விட்டுட்டாங்க, சர்க்கார் பேர் வைக்கற விதமே அப்டிதான்.

இந்த சடங்கு, கதை எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுதான் ஒருத்தன் மலை ஏறணுமா? வேண்டாம், யாரும் அத எதிர்பார்க்கவும் மாட்டாங்க. கைடு கூடவே வர்றதே அதுக்குத்தான். மலைல கத்தாத, எதையும் பாத்து கேலி பேசாத, பாறைய ஒடச்சு எடுத்துட்டு போகாத, இவ்வளவுதான் அவங்க சொல்றது. எத எல்லாம் செய்யக்கூடாதுன்னு முன்கூட்டியே முழுசா சொல்ல அவங்களாலயும் முடியாது, ஏன்னா வர்றவன் என்ன பண்ணுவான்னு யாருக்கு தெரியும். துணிய அவுக்காதீங்கன்னு போர்டு வைக்கணும்னு 2015க்கு முன்னாடி யாருக்காவது தோணிருக்குமா.

அந்த ஒரு நிமிஷம்

பூகம்பம், கோர்ட்டு, பத்திரிகை எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டு கைடு தடுத்த அந்த நிமிஷத்த மட்டும் பாருங்க. எனக்கு மொத்த கேஸும் அதுக்குள்ளதான் இருக்கு.

விடியற நேரம், காத்து அடிக்குது, உச்சில பூஜ்யம் பக்கம் போற குளிரு. ராத்திரி பூரா கயித்த புடிச்சு ஏறின களைப்புல, ஏறிட்டோம்ங்கற போதையும் சேந்து இருபது வயச தாண்டின பசங்க. அவங்க எதுக்க ஒரு கைடு. அவரு அவங்க குடுக்கற காசுல வேலை பாக்கறவரு, அவங்கள கீழ பத்திரமா கொண்டு சேக்கற பொறுப்பு அவரோடது, கைய புடிச்சு இழுக்கற அதிகாரம் கிடையாது. இங்கிலீஷ் அவருக்கு மூணாவதோ நாலாவதோ பாஷை. அவரு வாய தொறந்து வேண்டாம்னு சொல்றாருன்னா அதுக்கு முன்னாடி மனசுக்குள்ள எவ்வளவு யோசிச்சிருப்பாரு. மலேசியால, அதுலயும் கிராமத்து ஆளுங்க, வெளியாள் முகத்துக்கு நேரா மாட்டேன் கூடாதுன்னு சொல்றது சாதாரணமா நடக்காது. சிரிப்பாங்க, பேச்ச மாத்துவாங்க, லேட் ஆயிடுச்சு போலாம்பாங்க. அந்த மாதிரி ஆளு நேரடியா தடுத்தாருன்னா அது கடைசி எல்லை. அத தாண்டினா என்ன ஆகும்னு அவங்களுக்கு தெரியாது, சரி, ஆனா தாண்டறோம்னு தெரியும். எனக்கு தெரியாம போச்சுன்னு சொல்ற வழி அந்த நிமிஷத்தோட அடைஞ்சுடுச்சு.

இன்னொண்ணு, இது சுலபமா விட்டுப்போகும். அந்த பத்து பேரு மறுநாள் வேற தீவுக்கு டைவிங் போயிடுவாங்க. கைடு அங்கயேதான் இருக்கணும், அவர் பாத்துக்கிட்டு இருக்கறப்பதான் இது நடந்துச்சுன்னு கிராமத்துல நாளைக்கு அவரதான் கேப்பாங்க. நாம வெளியூர்ல ஏதாவது ஏடாகூடமா பண்ணிட்டு வந்தா அதுக்கான பில்லு பெரும்பாலும் கூட வந்த உள்ளூர் ஆளு பேர்லதான் போகும், டிரைவரோ கைடோ நம்மள மீட்டிங்குக்கு கூட்டிட்டு போன ஏஜென்ட்டோ.

ஜூன் 5

ஆறு நாள் கழிச்சு, ஜூன் 5 வெள்ளிக்கிழமை காலைல ஏழேகாலுக்கு ரானாவ் வட்டாரத்துல 6.0 ரிக்டர் அளவுல நிலநடுக்கம், அரை நிமிஷம் ஆட்டிச்சு. மலைல இருந்து பாறை உருண்டு 18 பேர் செத்தாங்க. அதுல சிங்கப்பூர் தஞ்சோங் காத்தோங் பிரைமரி ஸ்கூல் குழந்தைங்க 7 பேரு, கூட வந்த டீச்சர்ங்க, மலைல பிழைப்பு நடத்தற கைடுங்களும் உண்டு. ஜூன் 8ம் தேதிய சிங்கப்பூர் தேசிய நினைவு நாளா அறிவிச்சுது. 130க்கும் மேல ஏறினவங்க மேல மாட்டிக்கிட்டாங்க, மேகமூட்டத்துல ஹெலிகாப்டரால இறங்க முடியல, கடைசில உள்ளூர் கைடுங்கதான் அடிபட்டவங்கள தூக்கி முதுகுல சுமந்து கீழ இறக்கினாங்க. மலையோட அடையாளமா இருந்த கழுதைக்காது பாறைல ஒரு காது ஒடஞ்சு விழுந்துச்சு.

இதுக்கப்புறம் சபால கோவம் எந்த பக்கம் திரும்பும்னு சொல்லவே வேண்டாம். அப்போ துணை முதலமைச்சரா இருந்த ஜோசப் பைரின் கித்திங்கான், அந்த வெளிநாட்டுக்காரங்க நடந்துக்கிட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு பொருள்படும்படி பேசினாரு, சடங்கு செஞ்சு மலைய சமாதானப்படுத்தணும்னாரு. லண்டன்ல இருந்து சிட்னி வரைக்கும் பத்திரிகைங்க ஒரே சிரிப்பு, பூகம்பத்துக்கு காரணம் நிர்வாணமாம், பாருங்க ஒரு மந்திரி பேசற லட்சணத்தன்னு. பைரின் மந்திரி மட்டும் இல்ல, கடசான்டூசுன் மக்களோட ஹுகுவான் சியோவ், அதாவது அந்த இனத்துக்கே மூத்த தலைவர். 1984ல இருந்து அந்த இடத்துல இருக்கறவரு. பதினெட்டு பொணம் விழுந்த வாரத்துல அந்த நாற்காலில இருக்கற ஆளு மலைய பத்தி பேசாம இருந்தா அவர் ஜனங்களே அவர கேட்டிருப்பாங்க. சிரிச்சவங்கள்ல முக்கால்வாசி பேர் இத எழுதவே இல்ல.

பூகம்பம் துணியால வரல, அது எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், மலைய சுத்தி இருக்கற நிலப்பிளவு வேலை அது, 1976ல அதே சபால லஹாட் டத்து பக்கம் இத விட கொஞ்சம் பெருசாவே ஒண்ணு வந்துருக்கு. ஆனா அந்த விவாதத்துல ஜெயிக்கறது சுலபம், ஜெயிச்சுட்டா மே 30ம் தேதி நடந்தத பேசாமலே தப்பிச்சுடலாம். பூகம்பமே வராம இருந்தா அவங்க செஞ்சது சரியாயிடுமா? போட்டோ பூகம்பத்துக்கு முன்னாடியே பரவி, சபா பூங்கா ஆளுங்களும் மாநில சுற்றுலாத்துறையும் அதுக்கு முன்னாடியே கொதிச்சுட்டாங்க. பூகம்பம் வந்தது கேஸ பெருசாக்கிச்சு, ஆரம்பிச்சு வைக்கல.

நடுவுல ஒரு கூத்து வேற. அந்த மலைலயே இல்லாத ஒரு பயண வீடியோக்காரர் சமூக வலைதளத்துல சபா மந்திரிய கேலி பண்ணி தன்னோட அரைகுறை போட்டோவயும் போட்டு விட, பல பேரு அவர்தான் அந்த பத்துல ஒருத்தர்னு நினைச்சு தேட ஆரம்பிச்சுட்டாங்க. எரியற வீட்டுல பீடி பத்த வைக்க ஒருத்தன் எப்பவும் இருப்பான்.

ரெண்டு தராசு

பத்து பேர்ல நாலு பேர்தான் மாட்டினாங்க, ஒரு பிரிட்டிஷ் பொண்ணு, கனடாவ சேந்த அண்ணன் தங்கச்சி, ஒரு டச்சுக்கார பையன். மத்தவங்க அதுக்குள்ள கிளம்பிட்டாங்க. அந்த பிரிட்டிஷ் பொண்ணு கோலாலம்பூருக்கு விமானம் ஏற தவாவ் ஏர்போர்ட்டுக்கு வந்தப்ப புடிச்சாங்க. ஜூன் 12ம் தேதி கோத்தா கினபாலு மாஜிஸ்திரேட் கோர்ட்டுல நாலு பேரும் குத்தத்த ஒத்துக்கிட்டாங்க. தண்டனை ஆளுக்கு மூணு நாள் ஜெயில், 5,000 ரிங்கிட் அபராதம். மூணு நாள கைதான ஜூன் 9ல இருந்து கணக்கு பண்ணதால அன்னிக்கே முடிஞ்சது, நாட்ட விட்டு அனுப்பிட்டாங்க. ஊருக்கு போனப்புறம் அந்த பொண்ணு, செஞ்சது முட்டாள்தனம், சபா மக்கள் மனச புண்படுத்திட்டோம்னு பொதுவுல மன்னிப்பு கேட்டாங்க.

எந்த சட்டம்? மலேசிய தண்டனை சட்டம் 294(அ), பொது இடத்துல ஆபாசமா நடந்துக்கறது, அதிகபட்சம் மூணு மாசம். நம்பர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா, நம்ம பழைய ஐபிசிலயும் 294 இதேதான். மலேசியாவோட தண்டனை சட்டமே 1860 இந்திய சட்டத்த பாத்து எழுதினது, பிரிட்டிஷ்காரன் ரெண்டு இடத்துலயும் ஒரே துணில தைச்சுட்டு போயிருக்கான். அதனால கோர்ட்டுல காமாதான், மூதாதையர் ஆவின்னு எதுவும் குற்றச்சாட்டா போகல. ஒரு பஸ் ஸ்டாண்டுல துணிய அவுத்திருந்தாலும் இதே பிரிவுதான்.

ஊர்க்காரங்களுக்கு அது போதல. அவங்க கேட்டது சோகிட். சபா பூர்வகுடி வழக்கத்துல ஒருத்தன் தப்பு செஞ்சா ஜெயில் கிடையாது, எருமை, பன்னி, கோழி, சில நேரம் வெண்கல சேகண்டின்னு ஈடு குடுக்கணும். தப்பு நடந்தா நிலம் சூடாயிடும், ஊரே அனுபவிக்கும், ஈடு குடுத்து சடங்கு செஞ்சாதான் குளிரும்ங்கறது நம்பிக்கை. ஆடில மாரியம்மனுக்கு கூழ் ஊத்தி குளிர வைக்கறவங்களுக்கு இத நான் விளக்க வேண்டியதில்ல. சபால பூர்வகுடி கோர்ட்டுன்னு சட்டப்படியே ஒண்ணு இருக்கு, கிராமத் தலைவர்ல ஆரம்பிச்சு மேல போகும், 1992ல அதுக்கு தனி சட்டமே போட்டிருக்காங்க. ஆனா வழக்க மீறல்னு அங்க ஒரு கேஸ் நிக்கணும்னா பொதுவா ரெண்டு பக்கமும் பூர்வகுடி ஆளா இருக்கணும், வெளிநாட்டுக்காரன் அதுக்குள்ள வரமாட்டான்.

இங்கதான் எனக்கு உறுத்தற இடம். சர்க்கார் கோர்ட்டு அபராதம் கஜானாவுக்கு போகுது. அவமானப்பட்ட கைடுக்கு, அந்த கிராமத்துக்கு அதுல என்ன இருக்கு? சோகிட்ல செஞ்சவன் நேர்ல வந்து நின்னு குடுக்கணும், வாங்கறவங்க வாங்கிக்கணும், அதோட பேச்சு தீந்துடும். வெளிநாட்டுல ஏதாவது தப்பா போயிடுச்சுன்னா போலீஸ், தூதரகம், வக்கீல்னு மட்டும் யோசிக்காம, யாருக்கு வலிச்சுதோ அவங்க எத ஈடா எடுத்துக்குவாங்கன்னு கூட இருக்கற உள்ளூர் ஆள கேளுங்கன்னு நான் சொல்றது இதனாலதான். சின்ன தப்புக்கு பல ஊர்ல அது போதும், ஒரு பை பழம் வாங்கிட்டு போய் பெரியவர் எதுக்க உக்காந்து பேசினா முடிஞ்சுடும்.

பக்கத்துல இன்னும் ரெண்டு

கினபாலு தனி சம்பவம் இல்ல. அதே 2015 ஜனவரி கடைசில கம்போடியாவுல அங்கோர் பாந்தேய் க்டெய் கோயில்ல மூணு பிரெஞ்சுக்காரங்க இதே மாதிரி போட்டோ, ஒரு வாரம் போல கழிச்சு ப்ரீயா கான் கோயில்ல ரெண்டு அமெரிக்க அக்கா தங்கச்சி. ரெண்டு கூட்டத்துக்கும் ஆறு மாச தண்டனைய நிறுத்தி வச்சு, அபராதம் போட்டு, நாலு வருஷம் வரக்கூடாதுன்னு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் அங்கோர் நிர்வாகம் நடத்தை விதின்னு ஒண்ணு போட்டு, 2016 ஆகஸ்ட்ல இருந்து தோளும் முட்டியும் மூடாதவங்களுக்கு டிக்கெட்டே இல்லன்னு ஆக்கிடுச்சு. யாரோ அஞ்சு பேரு பண்ணதுக்கு இப்ப ஷார்ட்ஸ் போட்டு போற ஆளு கவுன்டர்ல இருந்து திரும்பி வர்றாரு.

இலங்கைல நடந்தது ரெண்டு, ரெண்டும் எதிர் எதிர் பக்கம். 2012ல பிரெஞ்சு சுற்றுலாக்காரங்க மூணு பேரு புத்தர் சிலைக்கு முத்தம் குடுக்கற மாதிரி போஸ் குடுத்து எடுத்த போட்டோவ காலிங்கற ஊர்ல ஒரு ஸ்டூடியோல பிரின்ட் போட குடுத்தாங்க, கடைக்காரங்க பாத்துட்டு போலீசுக்கு சொல்லிட்டாங்க, ஆறு மாசம் நிறுத்தி வச்ச தண்டனை. சிலைக்கு முதுகு காட்டி நின்னு செல்பி எடுக்கறதுகூட அங்க கூடாது, பொலன்னறுவை கல் விகாரைல காவலாளி ஓடி வந்து திருப்பி நிக்க சொல்லுவாரு. நம்ம ஊர் டூர் கூட்டம் அடிக்கடி மாட்றது இதுலதான், சாமி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தா என்ன தப்புன்னு காவலாளி கிட்ட மல்லுக்கு வேற நிப்பாங்க.

2014ல நடந்தது வேற. கைல புத்தர் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் நர்ஸ கொழும்பு ஏர்போர்ட்ல புடிச்சு, அடைச்சு வச்சு, நாடு கடத்தினாங்க. அந்தம்மா பௌத்தத்த பின்பத்தறவங்க, பக்தியில குத்திக்கிட்டது. கேஸ் போட்டாங்க, 2017 நவம்பர்ல இலங்கை உச்ச நீதிமன்றம் அவங்க உரிமைய மீறிட்டீங்கன்னு சொல்லி, செலவோட சேத்து 8 லட்சம் ரூபா குடுக்க சொல்லிச்சு. ஊர் மரியாதைங்கற பேர்ல அதிகாரி எத வேணா பண்ணலாம்னு இல்ல, அந்த ஊர் கோர்ட்டே ஒத்துக்கல. கினபாலு கேஸோட இத வச்சு பாத்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், நர்ஸம்மாகிட்ட அந்த இடத்துல யாரும் முன்கூட்டி இது வேண்டாம்னு சொல்லல, அவங்க அத மீறவும் இல்ல. மலைல சொன்னாங்க, மீறினாங்க.

எங்க ஆளுங்களுக்கு நான் சொல்றது

மலையே ஏறாதவனுக்கு இந்த கேஸ் எதுக்குன்னு கேப்பாங்க. மீட்டிங் ரூம்லயும் அந்த கைடு இருக்காரு, வேற சட்டை போட்டிருப்பாரு அவ்வளவுதான். மலேசிய கிளையன்ட் "பாத்துக்கலாம், கொஞ்சம் கஷ்டம்தான்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னா பெரும்பாலும் அது முடியாதுங்கறதுதான். நம்மாளு அத சரின்னு எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு போன் போட்டு ஆர்டர் வந்துருச்சுன்னு சொல்லிட்டு, மறுவாரம் அவங்க போனே எடுக்கலன்னு புலம்புவான். பக்கத்துல இருக்கற லோக்கல் ஏஜென்ட் முகத்த பாரு, அவரு பேனாவ மூடி வச்சிட்டாருன்னா அந்த பேச்ச அதோட விடு.

அப்புறம் பேரு. பேருக்கு முன்னாடி டத்தோ, டான்ஸ்ரீன்னு இருந்தா அத விட்டுட்டு மிஸ்டர் போடக்கூடாது, அது அரசரோ ஆளுநரோ குடுத்த பட்டம். மலாய்க்காரங்களுக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, நம்ம இனிஷியல் மாதிரிதான் பின்னாடி வர்றது அப்பா பேரு, அதனால முதல் பேரோட ஆம்பளைன்னா என்சிக், பொம்பளைன்னா புவான்னு கூப்புடணும். கடைசி பேர புடிச்சு கூப்புட்டா அவரோட அப்பாவ கூப்புட்டதா ஆயிடும், நம்ம ஆளுங்களே இத மறக்கறதுதான் எனக்கு ஆச்சரியம். மலாய் பொண்ணுங்ககிட்ட நாமளா கை நீட்டறது வேண்டாம், அவங்க நீட்டினா குடு, நெஞ்சுல கை வச்சு தலையசைச்சா நீயும் அதே செய். எதையும் ஆள்காட்டி விரலால காட்டாத, விரல மடக்கி கட்டை விரல மேல வச்சு காட்டு. வீட்டுக்குள்ள செருப்பு கூடாதுங்கறத நமக்கு சொல்லவே வேண்டாம். விருந்துக்கு கூட்டிட்டு போறது நீங்கன்னா ஹலால் இடமான்னு முதல்லயே கேட்டுடுங்க, உக்காந்தப்புறம் கேட்டா அவங்களுக்கும் சங்கடம்.

சபா, சரவாக் பக்கம் போறவங்களுக்கு இன்னொண்ணு உண்டு, இத நான் ரெண்டு தடவை சொல்லுவேன். கிளையன்ட் கிராமத்து வீட்டுக்கு கூட்டிட்டு போவாங்க, பாட்டி ஒருத்தங்க தட்டுல எதையாவது கொண்டு வந்து வைப்பாங்க, நீ சைவமா இருக்கலாம், வயிறு சரியில்லாம இருக்கலாம், பிளைட்டுக்கு நேரமாயிருக்கலாம். அப்படியே வேண்டாம்னு எந்திரிச்சுடாத. குடுத்த சாப்பாட்ட தொடாம கிளம்பினா வழில ஏதாவது ஆயிடும்னு அந்த பக்கத்துல ஒரு நம்பிக்கை, கெம்புனான்னு சொல்லுவாங்க. சாப்பிட முடியலன்னா தட்டையோ சாப்பாட்டையோ விரல் நுனியால லேசா தொட்டு, விரல உதட்டுல வச்சுக்கிட்டா போதும், கறியா இருந்தா தட்டோட ஓரத்த தொடு, யாரும் கோச்சிக்க மாட்டாங்க. அதையும் செய்யாம வந்துட்டன்னா ராத்திரி ஹோட்டலுக்கு அவங்ககிட்ட இருந்து போன் வரும், பத்திரமா போய் சேந்தியான்னு கேப்பாங்க. எதுக்கு கேக்கறாங்கன்னு புரியாம ஏதோ பில்லிங் விஷயம்னு நினைச்சு எடுக்காம விட்டுடாத, எடுத்து சேந்துட்டேன்னு சொல்லு.